யாருக்குத் திறந்தது வாயில்? – பிரெஞ்சு நாட்டுக் கோட்டைகளில் ஓர் உலா

பிரெஞ்சு நாடு என்றவுடன் நம் குடும்பங்களில் பலருக்கு நினைவில் எழுவது லூர்து அன்னையின் கெபி; அடுத்து, குழந்தை இயேசுவின் புனித தெரசம்மாள் வாழ்ந்த லிசியே நகர். திருயாத்திரையாகச் செல்வோர் பாரிசில் இறங்கி, இவ்விரு தலங்களையும் தரிசித்துத் திரும்பிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் நகரங்களை விட்டு விலகி, கோதுமை வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே ஓடும் சாலைகளில் செல்வோர் வேறொரு பிரான்சைக் காண்பர். ஆற்றின் வளைவிலும், குன்றின் உச்சியிலும், காட்டின் ஓரத்திலும் பழைய கோட்டைகளும் மாளிகைகளும் அங்கே தலைநிமிர்ந்து நிற்கின்றன.

இவற்றைப் பிரெஞ்சு மக்கள் ‘ஷாத்தோ’ என்பர். பகைவரைத் தடுக்கக் கட்டிய கோட்டைக்கும், மன்னர் மகிழ்ந்திருக்கக் கட்டிய அரண்மனைக்கும் அம்மொழியில் இந்த ஒரே சொல்தான். இடைக்காலத்தில் கோட்டை என்றால் தடித்த சுவர், குறுகிய துளை, ஆழ்ந்த அகழி. இங்கிலாந்துடன் நடந்த நூறாண்டுப் போர் 1453இல் முடிந்த பின்னர், இத்தாலி நாட்டுக் கலையின் சுவையும் வந்து சேரவே, அம்புத் துளைகள் அகன்ற சன்னல்களாயின. கொத்தளங்கள் அலங்காரக் கோபுரங்களாயின. இவற்றினும் சிறியது ‘மனுவார்’ எனப்படும் பண்ணை மாளிகை. சிற்றாலயமும் களஞ்சியமும் புறாமாடமும் சூழ, சிறு பிரபுக்கள் தம் நிலங்களின் நடுவே வாழ்ந்த வீடு அது.

இவற்றைக் காணச் செல்வோர் சுவரின் கனத்தையும் கோபுரத்தின் உயரத்தையும் கண்டு வியப்பர். வியப்பது தவறன்று. ஆயினும் கிறிஸ்தவக் குடும்பத்தினராகிய நாம் ஒவ்வொரு கோட்டையின் முன்பும் நின்று வேறொரு கேள்வியையும் கேட்கலாம்: இந்த வாயில் யாருக்குத் திறந்தது? யாருக்கு மூடியது? ஒரு வீட்டின் வரலாற்றை அதன் கற்கள் கூறுவதைவிட அதன் கதவுகள் தெளிவாகக் கூறும். இக்கேள்வியுடன் சில கோட்டைகளுக்குச் சென்று வருவோம்.

ஷம்போர்: 72 நாள் வீடு

பிரான்சின் மிக நீண்ட ஆறு லுவார். அதன் கரையிலும் துணையாறுகளின் கரையிலும் புகழ்மிக்க கோட்டைகள் பல அமைந்துள்ளன. சுல்லி என்னும் ஊர் முதல் ஷலோன் என்னும் ஊர் வரை உள்ள இப்பள்ளத்தாக்கை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. இக்கோட்டைகளுள் அளவில் பெரியது ஷம்போர்.

மன்னர் முதலாம் பிரான்சிஸ் 1519இல் இதனைக் கட்டத் தொடங்கினார். 400க்கும் மேற்பட்ட அறைகள். குளிர் காய 282 கணப்புகள். நடுவே, ஒன்றையொன்று சுற்றி ஏறும் இரட்டைப் படிக்கட்டு. ஒருவர் ஏற மற்றொருவர் இறங்கினாலும் இருவரும் வழியில் எதிர்ப்படாதவாறு அது அமைந்துள்ளது. கூரையின்மேல் கோபுரங்களும் புகைபோக்கிகளும் ஒரு சிறு நகர்போல் அடர்ந்து நிற்கின்றன. சுற்றிலும் பெருங்காடு, அக்காட்டை வளைத்து 32 கிலோமீட்டர் நீள மதில். ஏறத்தாழ பாரிஸ் மாநகரின் பரப்பு அந்த மதிலுக்குள் அடங்கும்.

இத்தனையும் எதற்கு? மன்னர் வேட்டையாட வரும்போது தங்குவதற்கு. அவர் அரசாண்ட 32 ஆண்டுகளில் இம்மாளிகையில் தங்கியது மொத்தம் 72 நாள்களே! அவர் வரும்போது கட்டில், திரைச்சீலை, பாத்திரம் யாவும் வண்டிகளில் வரும். அவர் புறப்படும்போது அவையும் உடன் புறப்படும். பின்பு அறைகள் மீண்டும் வெறுமையாகும். கட்டட வேலை முழுதும் முடியுமுன்பே, 1547இல், மன்னர் இறந்தார்.

களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையை ஆண்டவர் கூறினார் அன்றோ? ஷம்போரின் வெற்றுக் கூடங்களில் நடப்போருக்கு அவ்வுவமை நினைவில் எழாமல் இராது. ஆயினும் அக்கூடங்களுக்கும் ஒருநாள் நல்ல வேலை கிடைத்தது. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைக் காக்க இடம் தேடினர். ‘மோனா லிசா’ உள்ளிட்ட பெருஞ்செல்வங்கள் ஷம்போருக்கே அனுப்பப்பட்டன. ஒரு மன்னரின் பெருமைக்காகக் கட்டிய வீடு, மக்கள் அனைவருக்கும் உரிய கலைச்செல்வத்தின் அடைக்கலமாயிற்று.

ஷினோன்: ஏழைப் பெண் நுழைந்த மண்டபம்

ஷம்போரிலிருந்து மேற்கே செல்வோம். தூர் நகரைத் தாண்டி, லுவாரின் துணையாறான வியன் ஆற்றங்கரையில், நீண்ட பாறைமேட்டின்மேல் ஷினோன் கோட்டை நிற்கிறது. இங்கே அலங்காரம் குறைவு, வரலாறு மிகுதி. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, தம் புதல்வர்களே தம்மை எதிர்த்துப் படையெடுத்த துயரத்தோடு, 1189இல் இங்கேதான் உயிர்நீத்தார்.

இக்கோட்டையின் கூத்ரே கோபுரத்தில் 1308இல் டெம்பிளர் என்னும் துறவற வீரர் சபையின் தலைவர் ழாக் தெ மொலேயும் அவருடைய தோழரும் சிறைவைக்கப்பட்டனர். திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து அனுப்பிய கர்தினால்மார் அவர்களை இங்கே விசாரித்து, பாவமன்னிப்பு அளித்தனர். அதற்குச் சான்றான ஏடு வத்திக்கான் ஆவணக் காப்பகத்திலிருந்து 2001இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. திருச்சபை மன்னித்தும் அரசன் மன்னிக்கவில்லை. மொலே 1314இல் பாரிசில் எரித்துக் கொல்லப்பட்டார்.

அதே கோபுரத்தில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் தங்கிய விருந்தாளி, சுமார் 17 வயதான ஒரு குடியானவப் பெண். புனித ஜோன் ஆப் ஆர்க் என்று நாம் வணங்கும் அவர், தோம்ரெமி என்னும் சிற்றூரில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். விண்ணகத்திலிருந்து தமக்குக் கேட்ட குரல்களின் கட்டளைப்படி, பகைவர் நிறைந்த நாட்டின் வழியே 11 நாள் குதிரையில் பயணம் செய்து, 1429ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷினோன் வந்து சேர்ந்தார். முடிசூடாத இளவரசர் சார்லஸ், நாட்டின் பாதியைப் பகைவரிடம் இழந்து, நம்பிக்கையும் இழந்து அங்கே ஒதுங்கியிருந்தார். இப்பெண்ணை உள்ளே விடலாமா, கூடாதா என்று அரசவையினர் தயங்கினர். முடிவில் கதவு திறந்தது. அவையோரின் கூட்டத்தில் கலந்து நின்ற இளவரசரை ஜோன் அடையாளம் கண்டு, நேரே சென்று வணங்கினார் என்பது வரலாறு.

அவ்வாண்டு மே 8ஆம் நாள் ஓர்லெயான் நகரின் முற்றுகை விலகியது. ஜூலை 17ஆம் நாள் ரெய்ம்ஸ் பேராலயத்தில் சார்லஸ் முடிசூடினார். ஆனால் அடுத்த ஆண்டு ஜோன் பகைவர் கையில் சிக்கியபோது, அவரால் அரியணை ஏறிய மன்னர் அவரை மீட்கவில்லை. 1431 மே 30ஆம் நாள் ருவான் நகரச் சந்தைத் திடலில் அவர் எரிக்கப்பட்டார். அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது ஓர் ஆயர் தலைமையில் அமைந்த நீதிமன்றம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அத்தீர்ப்பு செல்லாது என்று 1456இல் திருச்சபையே அறிவித்தது. 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஜோன் இளவரசரைக் கண்ட பெரிய மண்டபம் இன்று இல்லை. கூரை போயிற்று; தளம் போயிற்று. தனித்து நிற்கும் ஒரு சுவரில் பழைய கணப்பு ஒன்று மட்டும் அந்தரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயினும் உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து அச்சுவரின் முன் மௌனமாய் நிற்கின்றனர். மண்டபத்தைக் கட்டியவர்களைக் காணவா வருகின்றனர்? அதன் வாயிலில் நுழைந்த ஏழைப் பெண்ணை எண்ணியன்றோ வருகின்றனர்!

அம்புவாஸ்: வாசல் நிலையும் சிறைக் கதவும்

தூர் நகருக்குக் கிழக்கே, லுவார் ஆற்றை நேரே நோக்கி நிற்பது அம்புவாஸ் அரண்மனை. மன்னர் எட்டாம் சார்லஸ் இங்கேயே பிறந்து, இதனைப் பெரிதாக்கி, இத்தாலியக் கலைஞர்களை வரவழைத்து அழகுபடுத்தினார். 1498 ஏப்ரல் 7ஆம் நாள், பந்தாட்டம் பார்க்க விரைந்தபோது, தாழ்வான ஒரு வாசல் நிலையில் அவருடைய தலை இடித்தது. சில மணி நேரத்தில் மன்னர் மாண்டார், வயது 27. நாட்டையே ஆண்டவருக்குத் தம் வீட்டு வாசலில் குனிந்து செல்ல நேரமில்லாமற் போயிற்று.

இதே அம்புவாசில் 1560இல் நடந்தது இன்னும் கொடியது. இளம் மன்னரைக் கைப்பற்றச் சதி செய்தனர் என்று சீர்திருத்தச் சபையினர் பலர் கொல்லப்பட்டு, அவர்களுடைய உடல்கள் அரண்மனையின் மேன்மாடத்திலிருந்து தொங்கவிடப்பட்டன. தொங்கவிட்டவர்கள் கத்தோலிக்கர், பூசை காணாமல் உணவருந்தாதவர்கள். சமயத்தின் பெயரால் பகையை வளர்த்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அம்மேன்மாடமே சாட்சி.

நல்ல நினைவுகளும் உண்டு. முதலாம் பிரான்சிஸ், முதிய ஓவியர் லியொனார்தோ தா வின்சியை 1516இல் அழைத்துவந்து, அரண்மனைக்கு அருகிலுள்ள குளோ லூசே என்னும் பண்ணை மாளிகையில் குடியமர்த்தி ஆதரித்தார். 1519 மே 2ஆம் நாள் லியொனார்தோ அங்கே இறந்தார். அவருடையவை எனக் கருதப்படும் எலும்புகள் அரண்மனை மதில்மேல் உள்ள புனித உபெர் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. ஷம்போரில் வீணான பெருமையைக் காட்டிய அதே மன்னர், அந்நிய நாட்டு முதியவர் ஒருவருக்குக் கதவைத் திறந்ததால் இங்கே போற்றப்படுகிறார்.

ஆனால் அம்புவாசின் விருந்தாளிகளுள் நம் உள்ளத்தை மிகவும் தொடுபவர் ஒரு கைதி. அவர் ஓர் இஸ்லாமியர். அல்ஜீரியாவைப் பிரெஞ்சுப் படைகள் கைப்பற்றியபோது, 15 ஆண்டுகள் எதிர்த்துப் போரிட்ட அமீர் அப்துல் காதர் அவர். 1841இல், அல்ஜியர்ஸ் நகரின் முதல் ஆயரான துப்பூச், ஒரு கைதியின் மனைவி கைக்குழந்தையுடன் வந்து அழுததைக் கண்டு இரங்கி, அக்கைதியை விடுவிக்குமாறு அமீருக்கு எழுதினார். ஒருவருக்காக மட்டும் கேட்பானேன், எல்லாக் கிறிஸ்தவக் கைதிகளுக்காகவும் கேட்டிருக்கலாமே. உங்கள் சிறைகளில் வாடும் இஸ்லாமியருக்கும் அதே இரக்கத்தைக் காட்டினால் உங்கள் பணி இருமடங்கு மேன்மையடையுமே என்று அமீர் விடையளித்தார். இதன் பயனாக இருதரப்பிலும் கைதிகள் விடுதலையாயினர்.

1847 டிசம்பரில் அமீர் சரணடைந்தார். கீழ்த்திசை நாடு ஒன்றில் குடியேற விடுவோம் என்று அவருக்குக் கொடுத்த வாக்கை பிரெஞ்சு அரசு மீறியது. குடும்பத்தாரும் தோழரும் சூழ, 1848 முதல் 1852 வரை அம்புவாஸ் அவருக்குச் சிறையாயிற்று. குளிர் தாங்காமலும் நோயுற்றும் இறந்த அவருடைய மக்கள் பலர் அரண்மனைத் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டனர். அவரை மறவாத ஒருவர் ஆயர் துப்பூச். அவர் அம்புவாஸ் சென்று அமீரைக் கண்டதோடு, அவருடைய விடுதலைக்காக வாதாடி 1849இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1852 அக்டோபரில் சிறைக் கதவு திறந்தது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1860 ஜூலையில் தமஸ்கு நகரில் கலகம் மூண்டு, கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டனர். அப்போது அந்நகரில் வாழ்ந்த அப்துல் காதர் தம் ஆட்களுடன் தெருவில் இறங்கி, குருக்களையும் கன்னியரையும் அனாதைக் குழந்தைகளையும் தம் மாளிகைக்கு அழைத்துவந்து, ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காத்தார். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு விருது அனுப்பிப் பாராட்டினார். அக்கலகத்தில் உயிர்நீத்த 11 மறைசாட்சிகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 அக்டோபர் 20ஆம் நாள் புனிதராக உயர்த்தினார். அந்நாள்களில் தமஸ்குவில் இறந்தோரை நினைக்கும் நாம், பிழைத்தோருக்குக் கதவு திறந்த இப்பெரியாரையும் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். கிறிஸ்தவர்களின் கோட்டை தமக்குச் சிறையாயிருந்தும், தம் வீட்டை அவர் கிறிஸ்தவர்களுக்குக் கோட்டையாக்கினார்.

ஷெனோன்சோ: காயமுற்றோர் படுத்த கூடம்

அம்புவாசுக்குத் தெற்கே ஷேர் ஆறு. அந்த ஆற்றைக் கரைக்குக் கரை தாண்டியபடி, நீரிலே நிழல் விழ நிற்கும் ஷெனோன்சோ மாளிகையின் படத்தை நாள்காட்டிகளில் பலர் கண்டிருப்பர். இது பெண்களின் மாளிகை எனப் பெயர் பெற்றது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணவர் போர்முனையிலும் அலுவலிலும் இருக்க, கட்டட வேலையை மேற்பார்த்து முடித்தவர் கத்ரீன் பிரிசோனே அம்மையார். ஆற்றின்மேல் பாலம் கட்டியவர் தியான் தெ புவாத்தியே. அப்பாலத்தின்மேல் 60 மீட்டர் நீளமுள்ள நடனக்கூடத்தை எழுப்பியவர் அரசி கத்ரீன் தெ மெதிசி.

இம்மாளிகையின் சிற்றாலயச் சுவரில் ஸ்காத்லாந்து நாட்டுக் காவல் வீரர்கள் 16ஆம் நூற்றாண்டில் பொறித்துவைத்த எழுத்துகளை இன்றும் காணலாம். மனிதரின் சினம் இறைவனின் நீதியை நிறைவேற்றாது என்னும் யாகப்பரின் வாக்கும், தீமைக்குத் தோற்றுவிடாதே என்னும் சின்னப்பரின் வாக்கும் அவற்றுள் உள்ளன. சமயப் போர்களில் நாடு எரியப்போகும் காலத்தில், வாளேந்திய கைகளே இவ்வாக்குகளைக் கல்லில் எழுதின!

பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆலயங்கள் பல அழிந்தன. அப்போது இம்மாளிகைக்கு உரியவராயிருந்தவர் லூயிஸ் துப்பேன் என்னும் முதிய அம்மையார். சுற்றுவட்டாரத்து ஏழைகளின் அன்பைப் பெற்றிருந்த அவர், சிற்றாலயத்தை விறகுக்கட்டைகளால் நிரப்பி, விறகுக் கொட்டகைபோல் தோன்றச் செய்தார். சிற்றாலயம் தப்பியது. நம் வீடுகளில் அடுப்பெரிக்கும் விறகு அங்கே பீடத்தைக் காத்தது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அப்போதைய உரிமையாளரான கஸ்தோன் மெனியே, தம் சொந்தச் செலவில் மாளிகையை மருத்துவமனையாக்கினார். அரச குடும்பத்தார் நடனமாடிய நீண்ட கூடத்தில் இருபுறமும் நோயாளிகளின் கட்டில்கள் வரிசையாயின. போர் முடியும்வரை 2,254 காயமுற்றோர் அங்கே மருத்துவம் பெற்றனர். சன்னல் வழியே தூண்டில் போட்டு ஆற்றில் மீன் பிடித்து அவர்கள் பொழுதுபோக்கினர் என்றும் கூறுவர்.

இரண்டாம் உலகப் போரில் அதே கூடத்துக்கு இன்னொரு பணி வந்தது. 1940 முதல் 1942 வரை, செர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லையாக ஷேர் ஆறு அமைந்தது. மாளிகையின் முன்வாயில் பிடிபட்ட பகுதியில். நடனக்கூடத்தின் தென்கோடிக் கதவோ விடுதலைப் பகுதியில். உயிருக்கு அஞ்சி ஓடியோர் பலர் அக்கதவின் வழியே மறுகரை அடைந்தனர். கேளிக்கைக்காகக் கட்டப்பட்ட பாலம், துன்புற்றோருக்கு மீட்பின் வழியாயிற்று.

வில்லாந்திரி: ஆய்வுக்கூடத்தை விட்டவரின் தோட்டம்

இவ்வளவு பெரிய மாளிகைகளைக் காப்பது எளிதன்று. கூரைப் பலகைக்கல் ஒன்று நழுவினால் மழைநீர் இறங்கும். மழைநீர் இறங்கினால் உத்தரம் உளுத்துப்போகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய மாளிகைகள் பல பாழாயின. சில இடிக்கப்பட்டுக் கல்லாகவும் மரமாகவும் விலைபோயின.

அக்காலத்தில் யோவாக்கிம் கார்வாயோ என்னும் ஸ்பெயின் நாட்டு அறிஞர், பின்னர் நோபல் பரிசு பெற்ற சார்ல் ரிஷே என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி வந்தார். அமெரிக்கப் பெண்மணியான தம் மனைவி ஆன் கோல்மனுடன் 1906இல் தூர் நகருக்கு மேற்கேயுள்ள வில்லாந்திரி மாளிகையை வாங்கினார். ஆய்வுத் தொழிலை விட்டுவிட்டு, மாளிகையையும் அதன் பழங்காலத் தோட்டத்தையும் மீட்டெடுப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

வில்லாந்திரியின் அழகு அதன் காய்கறித் தோட்டம். ஒரே அளவான ஒன்பது சதுரங்கள். அவற்றுள் முட்டைக்கோசு, காரட், பூசணி, கீரை வகைகள் வண்ணம் வண்ணமாய்க் கோலமிட்டதுபோல் நடப்பட்டுள்ளன. துறவற மடங்களின் தோட்ட மரபைப் பின்பற்றியது இது. பாத்திகளின் நடுவே ஒழுங்காய் நிற்கும் ரோசாச் செடிகள், மண்ணைக் கொத்தும் துறவியரைக் குறிக்கும் என்பது பழைய மரபு. செபமும் உழைப்பும் கைகோத்த வாழ்வை, கீரைப்பாத்தியிலேயே படிக்கலாம்.

கார்வாயோ மற்றொரு நற்பணியும் செய்தார். பழைய மாளிகைகள் உரியவரின் தனிச்சொத்து மட்டுமல்ல, மக்கள் அனைவரும் கண்டு பயன்பெற வேண்டியவை என்று கருதி, 1924இல் அவற்றின் உரிமையாளர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அதன் பின்னர் பல குடும்பங்கள் தம் வீட்டு வாயில்களைப் பொதுமக்களுக்குத் திறந்தன. 1984 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில், வழக்கமாய் மூடியிருக்கும் கட்டடங்களையும் மக்கள் காண்பதற்கென நாள்கள் ஒதுக்கப்படுகின்றன. சில மாளிகைகளில் குடும்பத்தாரே விருந்தினருக்கு அறை கொடுத்து, காலை உணவு பரிமாறி, அவ்வருவாயால் கூரையைச் செப்பனிடுகின்றனர். முன்னாளில் மதில் எழுப்பிக் காத்த வீட்டை, இன்று கதவைத் திறந்தே காக்க வேண்டியுள்ளது!

புறாமாடத்தின் நிழல்

அரசரின் கோட்டைகளை விட்டு, சிறு பிரபுக்களின் பண்ணை மாளிகைக்கு வருவோம். வடக்கே நார்மண்டி மாநிலத்தில், தியேப் துறைமுகத்துக்கு அருகே ஆங்கோ மாளிகை உள்ளது. ழான் ஆங்கோ பெரும் கப்பல் முதலாளி. அவருடைய கப்பல்கள் 1529இல் சுமத்திரா வரை சென்றன. அவர் கட்டிய மாளிகையின் முற்றத்தில், செங்கல்லும் கல்லும் கலந்து கோலமிட்ட உருண்டையான புறாமாடம் ஒன்று, கோயில் கோபுரம்போல் நிற்கிறது. பார்ப்போர் யாவரும் படம் பிடிக்கும் பேரழகு அது.

ஆனால் அப்புறாமாடம் அக்காலக் குடியானவனுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? இத்தகைய புறாமாடம் கட்டும் உரிமை நார்மண்டியில் பிரபுவுக்கு மட்டுமே இருந்தது. அவர் வீட்டுப் புறாக்கள் நூற்றுக்கணக்கில் பறந்து வந்து, ஏழை விதைத்த விதையைப் பொறுக்கித் தின்னும். விளைந்த கதிரையும் கொத்தும். அவற்றைக் கொல்ல ஏழைக்கு உரிமையில்லை. விளைச்சல் ஏழையினுடையது, கொழுத்த புறா பிரபுவின் உணவுத் தட்டில்! 1789 ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவில் பிரெஞ்சு மக்கள் சபை பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தபோது, புறாமாட உரிமையும் ஒழிந்தது. இவ்வளவு சிறிய பறவையைப் பற்றி ஒரு நாட்டின் சபை சட்டம் செய்ததென்றால், மக்களின் மனக்குறை எத்துணை ஆழமாயிருந்திருக்க வேண்டும்! ஆங்கோவும் தம் செல்வத்தை இழந்து 1551இல் மாண்டார். மாளிகையின் அழகை வியக்கும்போது, அதற்காக யார் பட்டினி கிடந்தனர் என்று எண்ணிப் பார்ப்பதும் நேர்மையாகும்.

பூர்பிலி: மீண்டும் மீண்டும் வந்த ஏழைகள்

இறுதியாக, கிழக்கே புர்கோன் மாநிலத்துக்குச் செல்வோம். அங்கே செமூர் என்னும் ஊருக்கு அருகே பூர்பிலி கோட்டை உள்ளது. ஷம்போரைப்போல் பெரியதன்று, ஷெனோன்சோவைப்போல் புகழ்பெற்றதுமன்று. ஆயினும் நம் கேள்விக்குச் சிறந்த விடை இங்கேதான் கிடைக்கிறது.

டிஜோன் நகரில் 1572இல் பிறந்த ஜான் பிரான்சிஸ், 1592இல் சாந்தால் பிரபுவை மணந்து இக்கோட்டைக்கு இல்லத்தரசியாக வந்தார். கடன்பட்டுச் சீர்குலைந்து கிடந்த வீட்டுக் கணக்கைச் சரிப்படுத்தினார். அதிகாலையில் எழுந்து வேலையாட்களுடன் செபித்தார். ஆடம்பர உடைகளை ஒதுக்கினார். பஞ்சம் வந்தபோது நாள்தோறும் வாயிலைத் திறந்து, திரண்டு வந்த ஏழைகளுக்கு அப்பமும் சாறும் தம் கையாலேயே வழங்கினார். சிலர் ஒரு வாயிலில் பெற்றுக்கொண்டு, கோட்டையைச் சுற்றி வந்து, மறுபடியும் வரிசையில் நின்றனர். அம்மையார் அதனை அறிந்தும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. இறைவனின் இரக்க வாயிலில் நானும் ஓயாமல் வந்து இரந்து நிற்கிறேனே. இரண்டாம் முறை வந்ததற்காக அவர் என்னை விரட்டினால் நான் என்னாவேன் என்பதே அவருடைய எண்ணம்.

1601இல் வேட்டைக்குச் சென்ற இடத்தில், நண்பர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாய் வெடித்துக் கணவர் படுகாயமுற்று மாண்டார். அம்மையாருக்கு வயது 29. கையில் நான்கு குழந்தைகள். சுட்டவரை மன்னிக்கும்படி கணவர் கேட்டுக்கொண்டு இறந்தார். மன்னிப்பதோ எளிதாயில்லை, அம்மனிதரின் முகத்தைப் பார்க்கவே நெடுநாள் அவருக்கு இயலவில்லை. 1604இல் டிஜோனில் தவக்காலப் பிரசங்கம் செய்யவந்த ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியாரைத் தம் ஆன்ம குருவாக ஏற்றார். அவருடைய அறிவுரைப்படி, நடுங்கும் உள்ளத்தோடு அம்மனிதரை வரவேற்றார். பின்னர் அவருடைய குழந்தைக்கு ஞானத்தாயாகவும் நின்றார். ஏழைகளுக்குக் கோட்டை வாயிலைத் திறப்பதைவிட, தம் கணவரைக் கொன்ற கைக்கு உள்ளத்தின் வாயிலைத் திறப்பது எத்துணைக் கடினமாயிருந்திருக்கும்!

1610இல் அவர் சலேசியாருடன் இணைந்து அன்சி நகரில் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த நிகழ்ச்சியின் பெயரால் அது மினவுதல் சபை எனப்பட்டது. நோயாளிகளும் முதியோரும் உடல்நலம் குன்றியோரும்கூடத் துறவறத்தில் சேர அதன் வாயில் திறந்திருந்தது. அவர் இறந்து ஓர் தலைமுறைக்குப்பின், அச்சபையின் பரே-ல-மோனியால் மடத்தில், 1673 முதல் 1675 வரை, புனித மார்கரீத் மரியம்மாளுக்கு ஆண்டவர் தம் திரு இருதயத்தை வெளிப்படுத்தினார்.

நம் இல்லங்களின் வாயில்கள்

அன்புக் குடும்பங்களே, நம் இல்லங்களில் நுழைந்தவுடன் சுவரில் கண்ணில் படுவது இயேசுவின் திரு இருதயப் படம். அதன்முன் சிறு விளக்கு எரிகிறது. மாலையில் குழந்தைகள் முழந்தாளிட்டுச் செபிக்கின்றனர். அப்பக்தி நமக்கு வந்துசேர்ந்த வழி, பூர்பிலிக் கோட்டையின் வாயிலைத் தொட்டே வந்திருக்கிறது. ஏழைகளை இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பாத ஓர் இல்லத்தரசி நிறுவிய சபையின் வழியாகத்தான், ஆண்டவர் தம் திறந்த இதயத்தை உலகுக்குக் காட்டத் திருவுளம் கொண்டார்.

நமக்குக் கோட்டை இல்லை, 282 கணப்புகள் இல்லை, அகழியும் இல்லை. ஆனால் வாயில் உண்டு. கடன்பட்டாவது மாடிமேல் மாடி எழுப்பி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டி, வெளியூரில் வேலையாயிருந்து ஆண்டில் சில நாள்களே வந்து தங்கும் வீடுகள் நம்மிடையேயும் பெருகிவருகின்றன. 72 நாள் மாளிகைக்கு ஷம்போர் வரை செல்ல வேண்டியதில்லை. பங்காளிச் சண்டையில் பல்லாண்டாய் மூடிக்கிடக்கும் கதவுகளும், முதிய பெற்றோருக்கு இடமில்லாத அறைகளும் நம் பங்குகளிலும் உண்டு.

அந்நியனாயிருந்தேன், நீங்கள் என்னை ஏற்றுக்கொண்டீர்களா என்றே ஆண்டவர் இறுதி நாளில் கேட்பார். வீடு எத்தனை அறை என்று கேட்கமாட்டார். கோட்டைகள் இடிந்தும் அவற்றின் திறந்த வாயில்களே இன்றும் பேசப்படுகின்றன. நாம் மன்னிக்காத உறவினர் ஒருவர், நாம் அழைக்காத அயலார் ஒருவர், நாம் திருப்பி அனுப்பிய ஏழை ஒருவர் இருப்பாராயின், இம்மாதமே அவருக்காகக் கதவைத் திறப்போம். அவருக்குப் பின்னால் வாயிலில் காத்து நிற்பவர் யாரென்று நமக்குத் தெரியும்.